ஒரு மில்லிநொடித் தொலைவு

1

சனிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

அந்த நேரத்தில் யுவேலினின் பெயருக்கு எதிரே இருந்த எண் '1' என்று காட்டியது. இந்தக் கதை அதிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தும் வரவில்லை. அப்போது நான் பத்தடி தள்ளி நின்று ஓர் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தேன். ஆடு சதுரக் கட்டைகளால் ஆனது. நானும்தான். நாங்கள் ஆறு பேர் விளையாடும் அந்தக் கணினி உலகத்தில் மலை, கடல், நிலா எல்லாமே கட்டைகள்.

எண்ணை நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. போஷுனுக்கு உறைத்தது. அந்த உலகம் ஓடும் சர்வர் அவனுடையது. மதியம் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றான். அதை இன்றுவரை முடிக்கவில்லை.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. மற்ற ஐந்து பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தனை வருடங்களாக இந்தத் தீவில், ஷின்சு நகரத்தில் இவர்களோடு இருக்கிறேன். இவர்களுடைய மொழியில்தான் கோபப்படுகிறேன், கடைக்காரரிடம் பேரம் பேசுகிறேன். ஆனால் இதை அந்த மொழியில் எழுதினால் முதல் பத்தியிலேயே ஒரு குடும்பம் உடையும். தமிழில் எழுதினால் உடையாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அது ஒரு வியாழக்கிழமை. முடிவு அப்போது இன்னும் நடந்திருக்கவில்லை.

2

தொடக்கங்கள்.

"நட்பு என்பது—" 

(இதை விட்டேன்.)

"சர்வர் என்பது ஒரு வீடு. அதில் யார் வேண்டுமானாலும்—" 

(இதையும் விட்டேன். சர்வர் வீடு இல்லை. போஷுனுடைய பழைய அலுவலகம் தூக்கி எறிந்த ஒரு கணினி.)

"போஷுனின் அம்மா வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள்."

இது நிற்கிறது. ஏனென்றால் இது உண்மை.

போஷுன் ஷின்சுவில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான். அங்கே இணையம் வீட்டுக்காரருடையது. ரவுட்டரைத் தொட விடமாட்டார். ஆகவே சர்வரை, ரயிலில் போகும் தூரத்திலுள்ள பான்ச்சியாவில் அம்மாவின் வீட்டில் வைக்க முடிவு செய்தான். பழைய நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, அம்மா இருப்பது நான்காவது. பிரச்சினை பிளக். அம்மா சந்தைக்குப் போனால் டிவி, விசிறி, மின்சாரச் சோற்றுப் பானை எல்லாம் உயிர்விடும். ஒரே ஒரு பிளக்கை மட்டும் அவள் தொடமாட்டாள். சாமியும் முன்னோர்களும் இருக்கும் மேடையில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. அவை அணையக் கூடாது.

போஷுன் சர்வரையும் ரவுட்டரையும் சாமி மேடைக்கு அடியில் வைத்தான்.

"முன்னோர் காலடியில என்னடா அது?" என்றாள் அம்மா.

"விளையாட்டும்மா. நண்பர்களோட."

"தாத்தாவுக்குச் சத்தம் ஆகாது."

"சத்தமே வராதும்மா. ஒரு சின்ன விசிறிதான்."

அம்மா ஊதுவத்தி ஏற்றி, செத்துப்போன தாத்தாவிடம் அனுமதி கேட்டாள். தாத்தா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அடுத்து போஷுன் ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்துவிட்டான். ஆறு பெயர்கள் வந்தால் மட்டும் உள்ளே விடு, மற்ற யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவைத்தான். தினமும் விடியற்காலையில் உலகத்தை ஒருமுறை நகலெடுத்துக்கொள் என்றும் சொன்னான். கடைசியாக, கணினியின் தலையில் ஒரு பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைத்தான்.*

* இங்கே இயந்திரம் மக்கர் செய்யாமல் இருக்க அதை வைப்பார்கள். தொழிற்சாலைகளில் வைக்கிறார்கள், மருத்துவமனைகளில் வைக்கிறார்கள். சிரிக்கிறவர்களும் வைக்கிறார்கள். அதன் கண்டிப்பான விதிகள் கணினிக்காரர்களுக்குத்தான் தெரியும்: பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் வினை, தேதி முடிந்தால் மாற்ற வேண்டும்.

இத்தனையும் ஒருவனுக்காக.

3

அவன் யுவேலின். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம்.

போஷுனும் யுவேலினும் குண்டனும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. (குண்டன் இப்போது மெலிந்துவிட்டான். பெயர் மெலியவில்லை.) யுவேலின் கணினிச் சில்லுத் தொழிற்சாலைப் பொறியாளன். போன வசந்தத்தில் அவனை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். பாலைவனத்தில் புதுத் தொழிற்சாலை. வழியனுப்பு விருந்தில் அவனுடைய மாமனார் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கோப்பையை உயர்த்தினார். "எங்க மாப்பிள்ள அமெரிக்கா போறாரு," என்றார். கடைசி மேசைக்கு வந்தபோது அவருக்குக் குரல் போய்விட்டது. கோப்பையை மட்டும் காட்டினார்.

மனைவி பெய்ரொங்கும் ஆறு வயது மகள் தோதோவும் இங்கேயே இருந்தார்கள். அவன் அங்கே நிலைத்தபிறகு போவதாக ஏற்பாடு.

"தோதோவோட வெறும் வீடியோல என்னத்தப் பேசறது?" என்று விருந்தன்று யுவேலின் போஷுனிடம் சொன்னான். "சாப்பிட்டியா, படிச்சியான்னு ரெண்டு கேள்வி. அப்புறம் அவ ஓடிப்போயிடுவா. சேந்து எதாவது செய்யணும்டா."

அதற்காகத்தான் சர்வர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் உள்ளே போவோம். அங்கே அப்போது வெள்ளி மாலை. யுவேலின் வேலை முடிந்து வந்திருப்பான். அப்பாவும் மகளும் ஒரு வீடு கட்டினார்கள், ஒரு நாய் வளர்த்தார்கள். நாங்கள் மற்றவர்கள் அந்த வீட்டைச் சுற்றி எங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டோம்.

விளையாடும்போது ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஓர் எண் தெரியும். நம் கணினியிலிருந்து சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று. போஷுனுக்கு ஒன்பதோ பத்தோ. எனக்கும் அப்படித்தான். யுவேலினுக்கு நூற்றெழுபது சொச்சம். இடையில் பசிபிக் கடல். அதனால் அவனுடைய உருவம் விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளி நடக்கும். தோதோ அதை "அமெரிக்கா நடை" என்பாள்.

ஒன்று என்றால், சர்வர் இருக்கும் அதே வீடு.

4

இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். எளிமையாக எழுதியதை வைத்திருக்கிறேன்.

குழு அழைப்பில் எல்லோரும் பேசிக்கொண்டே விளையாடினோம். யுவேலின், "நூடுல்ஸ் எடுத்துட்டு வரேன், ரெண்டு நிமிஷம்," என்று ஆட்டத்தை மூடிவிட்டுப் போனான். தோதோ தோண்டிக்கொண்டிருந்தாள்.

"தோதோ, நேரா கீழ தோண்டாதம்மா. எரிகுழம்பு இருக்கும்," என்றான் குண்டன்.

"எனக்குத் தெரியும் குண்டுச் சித்தப்பா."

"ஒங்கப்பனும் இதேதான் சொன்னான். நாலு தடவ வெந்து செத்தான்."

"அப்பா சாகல. மறுபடி வந்துட்டாரு."

"அண்ணி, ஒங்க பொண்ணு வக்கீலுக்குப் படிக்கட்டும்."

"அவ மொதல்ல பல்லு வெளக்கட்டும்," என்றாள் பெய்ரொங்.

அப்போது தோதோ விழுந்தாள். ஆழமான குழி. கீழே இருட்டு, பக்கத்தில் எரிகுழம்பு. நாயும் அவளோடு விழுந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் மனிதர்கள் செத்தால் திரும்பி வருவார்கள். நாய் வராது. அது அவளுக்குத் தெரியும்.

"அப்பா," என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "அப்பா, நாய். அப்பா வா."

"தோதோ, இது வெளையாட்டும்மா. அசையாம நில்லு," என்றாள் பெய்ரொங்.

"அப்பா."

அழைப்பில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்ட சத்தம். "வந்துட்டேன், வந்துட்டேன்." திரையில் வரி வந்தது: யுவேலின் உள்ளே நுழைந்தார். அவன் குழிக்கு ஓடினான். படி வெட்டிக்கொண்டே இறங்கினான். நாயை முன்னால் தள்ளி, மகளை அதன் பின்னால் ஏற்றி, கடைசியாகத் தான் ஏறினான். சுத்தமான வேலை. ஒரு தடவைகூடத் துள்ளவில்லை.

"அப்பா, நீ இன்னிக்கி அமெரிக்கா நடை நடக்கல," என்றாள் தோதோ. இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

திரையில் இன்னொரு வரி: யுவேலின் வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். எண் நூற்றெழுபத்துநான்கு.

"நெட்டு போயிடுச்சு," என்றான். "இங்க எப்பவும் இப்படித்தான்."

5

"போஷுன் அதிர்ந்துபோனான்."

(அடித்துவிட்டேன். அதிர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏதாவது வேலை செய்கிறார்கள்.)

போஷுன் எழுந்துபோய் ஒரு கோப்பையைக் கழுவினான். கழுவி வைத்துவிட்டு மறுபடி எடுத்து அதையே கழுவினான். அதற்குள் அவன் மனம் எண்ணுக்கு மூன்று சமாதானம் தயார் செய்திருந்தது. சர்வருக்குப் போன வாரம்தான் புதுப் பதிப்பு ஏற்றினான். அதில் கோளாறு இருக்கலாம். மற்றவர்களுடைய எண்களைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. சர்வரிடமே கேட்டான்: சற்று முன் யுவேலின் எங்கிருந்து வந்தான்?

வீட்டுக்குள்ளிருந்து, என்றது சர்வர்.

முதலில் அவனுக்கு வந்தது பயம். எவனோ யுவேலினின் பெயரைத் திருடிக்கொண்டு அம்மாவின் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். அம்மாவை அழைத்தான்.

"அம்மா, வீட்ல யாரு இருக்கா?"

"நானும் டிவியும்."

"வேற யாரும் இல்லயே?"

"தாத்தா இருக்காரு. ஏன்?"

ஆனால் குரல் யுவேலினின் குரல்தான். படி வெட்டும் விதமும் அவனுடையதுதான். விடுதிக் காலத்திலிருந்தே அவன் இடப்பக்கமாகத்தான் வெட்டுவான். இன்னொன்றையும் போஷுன் யோசித்தான். முதல் எண் பிழையாக இருக்கலாம். ஆனால் எண் ஒன்று என்று ஆனதை ஒருவன் கவனித்திருக்கிறான், வெளியே போயிருக்கிறான், அவசரத்தில் மறந்த விபிஎன்னைப் போட்டு, செய்தியை வேறொரு நாடு வழியாகச் சுற்றவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். இரண்டாவது எண் பிழையில் வராது. அதை ஒருவன் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கையிலிருந்த கோப்பையை வைத்தான். குண்டன் இன்னும் அழைப்பில் கத்திக்கொண்டிருந்தான்.

"டேய் போஷுன். செத்துட்டியா? மதியம் என்ன சாப்பாடுன்னு பாதியில நிறுத்திட்ட."

"இருக்கேன்," என்றான் போஷுன். அழைப்பை மூடினான். ரயில் நிலையத்துக்குப் போனான்.

6

(ரயில் பயணத்தை ஒரு பக்கம் எழுதினேன். ஜன்னல், வயல், சுரங்கப்பாதை. வேண்டாம். அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை.)

அம்மா தரையில் செய்தித்தாள் விரித்து, சர்க்கரைவள்ளிக் கீரையின் தண்டில் நார் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் குளியலறைவரை பார்த்தான். பிறகு சாமி மேடைக்கு முன்னால் மண்டிபோட்டுக் குனிந்தான்.

கணினியின் மேல் தூசி இல்லை. விசிறியின் கம்பிகளை யாரோ துடைத்திருந்தார்கள். ஒயர்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அவன் அப்படிக் கட்டியதில்லை. தலையில் சோளப்பொரிப் பாக்கெட். அவன் வைத்தது மங்கிப்போய்த் தேதி முடிந்திருக்க வேண்டும். இது மொறமொறப்பாக, பளபளவென்று இருந்தது. அடுத்த வருடத் தேதி. பச்சை.

"அம்மா, இத யாரு மாத்துனது?"

"எத?"

"பாக்கெட்ட."

"பழசுல எறும்பு வந்துடுச்சு."

"நீயா வாங்குன?"

"நான் மஞ்சள் பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். மாடிப் பையன் பாத்துட்டுப் பதறிப்போயிட்டான். ஓடிப்போய்ப் பச்சை வாங்கிட்டு வந்தான். மஞ்சள நான் தின்னுட்டேன்."

போஷுன் மண்டிபோட்டபடியே இருந்தான். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை உண்டு. அம்மா அதை வாடகைக்கு விடுவாள். முன்பு அதில் ஒரு கூரியர்க்காரர் இருந்தார்.

"எந்த மாடிப் பையன்?"

அம்மா நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

"அம்மா."

"ஒனக்குத் தெரிஞ்ச பையன்தான்."

"எப்ப வந்தான்?"

"பேய் மாசத்துல வந்து கேட்டான். பேயெல்லாம் வெளிய சுத்தற மாசத்துல யாராச்சும் குடி வருவாங்களா, முடியட்டும்னு சொன்னேன். முடிஞ்ச அன்னிக்கே ஒரு பெட்டியோட வந்து நிக்கறான். அதுவரைக்கும் எங்க கெடந்தானோ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"அவன் சொல்லாதன்னு சொன்னானா?"

"சொன்னான். படியில உக்காந்து சொன்னான். மூக்கெல்லாம் ஒழுகுச்சு. ஒரு துண்டு குடுத்தேன். அதுக்குமேல அவன்கிட்ட என்னத்தக் கேக்கறது?" கீரையைக் கூடையில் போட்டாள். "நல்ல பையன். குழாய் சரி பண்ணான். நெட்டு நின்னா வந்து பாக்கறான். ஒன் பொட்டிய வாரம் ஒருக்க தொடைக்கறான். நீ வந்தா தொடைப்பியா?"

போஷுன் எழுந்தான். கதவைப் பார்த்து நடந்தான்.

"இப்பப் போகாத. தூங்குவான்."

"மணி ரெண்டும்மா."

"அவனுக்கு இப்ப ராத்திரி," என்றாள் அம்மா.

7

இங்கே ஒரு குறுக்கீடு.

யுவேலின் ஏன் திரும்பி வந்தான், ஏன் மறைத்தான் என்று எழுதிப்பார்த்தேன். "அங்கே மேலதிகாரி அவனை எல்லோர் முன்னாலும்—" (இல்லை.) "பாலைவனத்தின் தனிமை—" (இல்லவே இல்லை.) "மாமனார் குரல் போகும்வரை சொன்ன அந்த வாக்கியத்தை—" (இது நெருங்கி வருகிறது. ஆனாலும் எனக்குத் தெரியாது.) தெரியாததை எழுதலாம், அதுதான் தொழில். ஆனால் இந்த ஆள் வாரத்துக்கொரு முறை, யாரும் இல்லாத நேரத்தில், சாமி மேடைக்கு அடியில் மண்டிபோட்டு ஒரு விசிறியைத் துடைக்கிறான். அந்த விசிறி நின்றால் அவனுக்கு மகள் இல்லை. அதற்குமேல் நான் கண்டுபிடிக்கிற காரணம் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை.

அந்த மதியம் போஷுன் மாடிக்குப் போகவில்லை. என் முதல் பிரதியில் போனான், கதவை உடைத்தான், சட்டையைப் பிடித்தான். உண்மையில் படிக்கட்டில் பாதி ஏறினான். மேலே ஜன்னலுக்கு உள்பக்கம் கறுப்புத் துணி ஆணியடித்திருந்தது தெரிந்தது, வெயில் வராமலிருக்க. அங்கேயே உட்கார்ந்தான். பிறகு இறங்கிவந்து அம்மா போட்ட கீரையைச் சாப்பிட்டுவிட்டு ஷின்சுவுக்குத் திரும்பினான். வாயில் உப்பு தெரிந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

புதன்கிழமை மாலை பெய்ரொங் குழு அழைப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டாள். யுவேலினைத் தவிர.

"விசா வந்துடுச்சு," என்றாள். "டிக்கெட் போட்டுட்டேன். நானும் தோதோவும். வர்ற செவ்வாய்க்கிழமை."

"அண்ணி, பார்ட்டி எப்ப?" என்றான் குண்டன்.

"மொதல்ல கேளு. அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. நேரா போய்க் கதவத் தட்டப் போறேன். அட்ரஸ் இருக்கு. அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

"படம் புடிச்சு அனுப்புங்க அண்ணி. நாங்களும் பாக்கணும்."

"போஷுன், ஒனக்குத்தான் சொல்றேன். நீதான் ஓட்ட வாய்."

"சரி," என்றான் போஷுன்.

நான் வாழ்த்துச் சொன்னேன். அதைப் பதிவு செய்யாமல் விடுவது நியாயமாக இருக்காது. உற்சாகமாக, மனதாரச் சொன்னேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

மறுநாள் காலை போஷுன் என் அலுவலகத்துக்கு எதிரிலுள்ள சிற்றுண்டிக் கடைக்கு வந்து, முட்டை ரொட்டியையும் சோயாப் பாலையும் முன்னால் வைத்துக்கொண்டு, இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் சொன்னான். நான் பாதியில் ரொட்டியைக் கீழே வைத்தேன். பிறகு எடுக்கவில்லை. ஒன்று என்ற எண்ணை நானும் பார்த்தேன் என்பது நினைவு வந்தது. நான் அப்போது ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கதை எழுதறதானே," என்றான். "இது கதைன்னா எப்படி முடிப்ப?"

"தெரியல."

"யோசிச்சுச் சொல்லு. செவ்வாய்க்கிழமைக்குள்ள."

யோசித்தேன். அங்கேயே, ஆறிப்போன பாலுக்கு முன்னால், மூன்று முடிவுகள் சொன்னேன்.

"மாடிக்குப் போய் அவன்கிட்ட சொல்லிடு. அவங்க வராங்கன்னு."

"சொன்னா அவன் வேற எங்கயாச்சும் ஓடிடுவான். அவன எனக்குத் தெரியும். அதுக்கப்பறம் எந்த எண்ணும் வராது."

"அப்ப பெய்ரொங்கிட்ட சொல்லு."

"நான் சொல்லி அவளுக்குத் தெரியணுமா? அவன் சொல்லாம நான் சொல்லியா?"

"பிளக்கப் புடுங்கிடு," என்றேன். "சர்வர் போச்சு, எதுவும் தெரியாது, நீ எதையும் பாக்கல." சொன்னபோதே வெட்கமாக இருந்தது. ஆனால் மூன்றில் அதுதான் எழுத எளிது.

போஷுன் உறிஞ்சுகுழலால் பாலைக் கலக்கினான்.

"இதுல எந்த முடிவுல தோதோ அழமாட்டா?" என்றான்.

8

அன்று இரவு எழுத ஆரம்பித்தேன். போஷுனுக்குச் செவ்வாய்க்கு முன் ஒரு முடிவு தர வேண்டும் என்று. எழுதினால் கிடைக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏழாவது பகுதிவரை வந்துவிட்டது. எட்டாவதுக்கு நான்கு வரைவுகள் எழுதினேன். ஒன்றில் அப்பாவும் மகளும் விமான நிலையத்தில் கட்டிக்கொண்டார்கள். எழுதி முடித்துவிட்டுப் படித்தேன். எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

பிறகு சனிக்கிழமை வந்தது. ஆகவே இந்தப் பகுதியில் என் வேலை எதுவும் இல்லை. போஷுன் சொன்னதையும் நான் கேட்டதையும் வைக்கிறேன்.

காலை பத்து மணிக்குப் போஷுன் பான்ச்சியாவில் இருந்தான். கணினியைத் திறக்கவில்லை. போனில் குழு அழைப்பில் மட்டும் சேர்ந்து, ஒரு காதில் இயர்போனை மாட்டி, தன் பக்கம் மைக்கை அணைத்துவைத்தான். மாடிப்படி ஏறினான். எந்த முடிவோடு ஏறினாய் என்று பின்னால் கேட்டேன். முடிவு இல்லை, அவன் எதிரில் நிற்க வேண்டும் என்று மட்டும் இருந்தது, முதல் வார்த்தையை அவன் சொல்லட்டும் என்று இருந்தது, என்றான்.

தகரக் கதவு. வெளியே ஒரு ஜோடி செருப்பு. துணிக்கொடியில் அம்மாவின் துண்டு.

உள்ளே யுவேலின் பேசிக்கொண்டிருந்தான். பலகைச் சுவர் வழியாக முதலில் கேட்டது. ஒரு கணம் கழித்துக் காதில் அதே வார்த்தைகள் மறுபடி வந்தன, தூரத்திலிருந்து வருவதுபோல. போஷுன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கி எங்க அப்பா தோண்டணும்?" இது தோதோ, காதில்.

"எங்கயும் வேண்டாம். நாய்க்கு ஒரு கூடு கட்டுவோம்," என்றான் யுவேலின், சுவரில், பிறகு காதில்.

"அப்பா, நீ சாப்பிட்டியா?"

"இப்பத்தான். இங்க இருட்டப் போகுது. சூரியன் பெருசா, செவப்பா இருக்கு."

வெளியே வானம் கறுத்திருந்தது. போஷுன் கையை உயர்த்தினான், தட்ட. அப்போது முதல் துளிகள் விழுந்தன. அந்தக் கட்டடத்தில் மழை மெதுவாகத் தொடங்குவதில்லை. யாரோ கூரைமேல் கூடை கூடையாகச் சரளைக்கல் கொட்டுவதுபோல் ஒரே தடவையில் வந்தது. தகரம் முழுக்க அலறியது. போஷுனின் உயர்த்திய கை அப்படியே நின்றது. ஏனென்றால் அந்தச் சத்தமும் காதில் இரண்டாவது தடவை வந்தது.

எனக்கும் வந்தது. ஷின்சுவில் என் அறையில் வெயில். குண்டன், "யாருடா அது, எண்ணெயில வடை போடறது?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்பா, அது என்ன சத்தம்?" என்றாள் தோதோ.

"ஏசி," என்றான் யுவேலின். "ஏசி பழசு. அணைக்கறேன் இரு."

எதுவும் அணையவில்லை. சத்தம் கூடியது.

"ஏசி இல்ல. மழை," என்றாள் தோதோ. "அங்க மழையே பெய்யாதுன்னு அம்மா சொன்னாங்க."

"சில நாள் பெய்யும்மா."

"தகரத்துல பெய்யுது அப்பா. நம்ம பால்கனில கேக்கற மாதிரியே கேக்குது."

இந்த இடத்தில் யாராவது பேசியிருக்கலாம். குண்டன் இன்னொரு ஜோக் அடித்திருக்கலாம். போஷுன் கதவைத் தட்டியிருக்கலாம். கை இன்னும் மேலேதான் இருந்தது, சட்டைக்கை வழியாகத் தண்ணீர் முழங்கைக்கு ஓடியது. நான் எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மூன்று மொழி தெரியும். ஆறு பேரும் அழைப்பில் இருந்தோம். மழை மட்டும் பேசியது.

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அது பெய்ரொங்கின் பக்கம். அவள் மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மூச்சு மிக அருகில் கேட்டது.

"யுவேலின்," என்றாள். "நீ இப்ப எங்க இருக்க?"